வாதாடப் படிக்கும் முன்

சட்டம் படிக்கப் போகிற ஒரு பிள்ளைக்கு முதலில் எதைக் கொடுப்பது? அரசியலமைப்பையா, தண்டனைச் சட்டக் கோவையையா, ஆங்கில அகராதியையா? பார்வைக்கு இது பாடத்திட்டம் பற்றிய கேள்வி. விரிவுரையாளர் ஒருவர் அரை மணி நேரத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடக் கூடியது. நான் இதை ஓர் அறநெறிக் கேள்வியாகவே பார்க்கிறேன். மருத்துவம் படிக்கிறவர் எந்த ஒழுங்கில் படித்தாலும் கடைசியில் நோயை எதிர்த்துத்தான் நிற்பார். சட்டம் படிக்கிறவர் யாரை எதிர்த்து நிற்பார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதல்ல. காணியைப் பறிகொடுத்தவர் பக்கமும் நிற்கலாம்; பறித்தவர் பக்கமும் நிற்கலாம். இரண்டுக்கும் ஒரே புத்தகம், ஒரே பட்டம், ஒரே கறுப்புக் கோட்டு. ஆகவே எதை முதலில் படிக்கிறார், எதைப் பிறகு படிக்கிறார் என்ற ஒழுங்கில், அவர் எப்படிப்பட்ட மனிதராக வெளியே வருவார் என்பதும் பாதி அடங்கியிருக்கிறது.

உயர்தரப் பெறுபேறுகள் வந்து வெட்டுப்புள்ளி வெளியாகும் வரையுள்ள மாதங்களில் பெற்றோர்கள் கிராமத்து ஆசிரியர்களைத் தேடி வருவது வழமை. "இசட் புள்ளிக்கு லோ கிடைக்கும் போல இருக்கு சேர், இப்பவே என்னத்தப் படிக்கச் சொல்றது?" என்று கேட்பார்கள். சிலர் கையில் ஒரு திட்டத்துடனேயே வருவார்கள். ஆங்கில வகுப்பு, கணினி வகுப்பு, கொழும்பில் தங்குமிடம், அங்கே யாரோ ஒரு உறவுக்காரர். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகம். அதுவும் இல்லாவிட்டால் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் எங்கு போனாலும் சட்டமாணிப் பட்டத்துக்கு நான்கு வருடங்கள். அதற்குப் பிறகும் தொழில் செய்வதென்றால் சட்டக் கல்லூரியின் பரீட்சைகள், மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம். பெற்றோருக்கு இதெல்லாம் இப்போது நன்றாகத் தெரிகிறது. திட்டத்தில் குறையேதும் இல்லை. ஆனால் அந்தத் தாளில் 'எதற்காக' என்ற ஒரு வரி மட்டும் எழுதப்படாமல் இருக்கும். கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நம்மடவனுக்கும் ஒரு லோயர் வேணுமே சேர்."

இந்தப் பதிலை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பின்னால் ஒரு சமூகத்தின் காயம் இருக்கிறது. ஆயினும் அது போதுமான பதில்தானா என்பதையே இக்கட்டுரையில் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

*

முதலில் ஒரு பழைய சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1973 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணிகள் ஆக்கிவிட்டது. ஆனாலும் 'அப்புக்காத்து' என்ற சொல் நம்மவர் வாயில் தங்கிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளையை 'அப்புக்காத்து மூளை' என்று மெச்சுவார்கள். அதே வாயால், "பொய்ய மெய்யாக்குற தொழிலுக்கா புள்ளய அனுப்பப் போறீங்க?" என்றும் கேட்பார்கள். மெச்சுதலும் அச்சமும் ஒன்றாகவே இருக்கின்றன. இந்த அச்சம் படிப்பில்லாதவர்களின் அச்சம் என்று தள்ளிவிடக் கூடியதல்ல. இதன் வேர் நமது மார்க்க மரபுக்குள்ளேயே இருக்கிறது.

தம்மிடம் வழக்குக் கொண்டு வருகிறவர்களில் ஒருவர் மற்றவரை விடத் திறமையாகப் பேசிவிடக்கூடும். தாம் கேட்பதை வைத்தே தீர்ப்பளிக்கிறோம். அப்படி ஒருவருக்குத் தன் சகோதரனின் உரிமை தீர்ப்பாகிவிட்டால் அவர் எடுத்துச் செல்வது நெருப்பின் ஒரு துண்டைத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. இந்த எச்சரிக்கை யாரை நோக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். நீதிபதியை நோக்கியதல்ல, வென்றவரை நோக்கியது. நீதிமன்றம் தீர்த்துவிட்டது என்பதனால் பிறர் சொத்து ஹலாலாகிவிடாது. 'தீர்ப்பு எனக்குச் சார்பாகத்தானே வந்தது' என்ற சமாதானம் மறுமையில் செல்லுபடியாகாது. சட்டம் படிக்கிற ஒரு முஸ்லிம் மாணவர் எந்தச் சட்டப் புத்தகத்தையும் திறப்பதற்கு முன் இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டால், நாவன்மையை விருதாகக் கருதாமல் அமானிதமாகக் கருதுவார்.

அப்படியானால் பிறருக்காகப் பேசுவதே தவறா? இல்லை. பிர்அவ்னிடம் போகும்படி பணிக்கப்பட்ட மூஸா (அலை) அவர்கள், தம்மை விடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூனைத் துணையாகக் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது. நியாயம் தன் பக்கம் இருந்தும் அதை எடுத்துச் சொல்லும் நா இல்லாதவருக்கு இன்னொருவரின் நா தேவைப்படுகிறது. சட்டத்தரணி என்ற தொழிலின் முழு நியாயமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு விதவைக்கு உறுதியின் வாசகம் விளங்காது. ஒரு மீனவனுக்குப் பொலிஸில் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரியாது. அவர்களுக்கு ஒரு ஹாரூன் வேண்டும்.

எல்லை எங்கே என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் காட்டுகிறது. மோசடிக்காரர்களுக்காக வாதிடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று அங்கே நபிகளாருக்கே சொல்லப்படுகிறது. அது இறங்கிய பின்னணியைத் தப்ஸீர்கள் இப்படிச் சொல்கின்றன: மதீனாவில் முஸ்லிமாகக் காட்டிக்கொண்ட ஒருவர் ஒரு கவசத்தைத் திருடிவிட்டு, பழியை ஒரு யூதர் மீது போட்டார். அவருடைய குலத்தார் திரண்டு வந்து தம்மவருக்காகப் பேசினார்கள். வஹி இறங்கி யூதரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 'நம்மவன்' என்பதற்காக வாதாடுவது பற்றி இதைவிடத் தெளிவான ஒரு பாடம் இருக்க முடியாது.

நமது 1978 அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றம் சாட்டப்பட்ட எவரும் தானாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நியாயமான விளக்கத்தில் கேட்கப்படும் உரிமையை வழங்குகிறது. அவரைக் குற்றவாளி என்று ஊரே நம்பினாலும் அந்த உரிமை போகாது. இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருடைய பக்கத்தைக் கேட்கச் செய்வது வேறு. அவரைத் தப்பவைக்க ஒரு நிரபராதியின் தலையில் பழியை வைப்பது வேறு. முதலாவது கடமை. இரண்டாவதைத்தான் வசனம் தடுக்கிறது. இந்த வேறுபாடு பிள்ளைக்குப் பிடிபடுவதற்கு முன் வாதத் திறமையை வளர்ப்பது, கடிவாளம் கொடுக்காமல் குதிரையைக் கொடுப்பது போன்றது.

*

அலி (ரழி) அவர்களை நபிகளார் யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, தாம் இளவயதினர், தீர்ப்பளிக்கும் அறிவு தமக்கில்லை என்று அவர்கள் தயங்கினார்கள். அப்போது அவர்களுக்குக் கிடைத்த வழிகாட்டல், எதிரே இரண்டு பேர் அமர்ந்தால் முதலாமவரைக் கேட்டது போலவே மற்றவரையும் கேட்கும் வரை தீர்ப்பளிக்க வேண்டாம் என்பதாகும். ஓர் இளைஞருக்குச் சொல்லப்பட்ட முதற் பாடம் இது. சட்டத்தின் பிரிவுகள் எதுவும் அதில் இல்லை. செவியைப் பயன்படுத்தும் முறைதான் அதில் இருக்கிறது. என்னிடம் கேட்டால், சட்டப் படிப்பின் திட்டமும் இதே இடத்தில்தான் தொடங்க வேண்டும். பேசுவதற்கு முன் கேட்பது.

கேட்பது என்றால் நம் நாட்டில் முதலில் மொழி. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகள் என்கிறது. ஆனால் தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசங்களுக்கு வெளியே வழக்குகள் சிங்களத்தில் நடைபெறும். புத்தளத்திலோ அநுராதபுரத்திலோ கண்டியிலோ வாழும் தமிழ் பேசும் முஸ்லிம், தன் வழக்கைத் தானே கேட்டு விளங்க மொழிபெயர்ப்பாளரை நம்பியிருக்க வேண்டும். மேலே போகப்போக ஆங்கிலம். பழைய தீர்ப்புகளெல்லாம் ஆங்கிலத்தில். ஆக, உம்மாவின் முறைப்பாடு தமிழில், பொலிஸ் பதிவு சிங்களத்தில், மேன்முறையீடு ஆங்கிலத்தில். இந்த மூன்றுக்கும் இடையில் ஒரு சொல் தடம் மாறினால் ஒரு மனிதரின் ஆயுளே தடம் மாறும்.

இதற்கு நம் இலக்கிய உலகமே சாட்சி. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2017 இல் வெளிவந்த 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்பது குற்றச்சாட்டு. வன்முறைக்கு எதிராக எழுதப்பட்ட கவிதைகளும் அந்நூலில் இருந்தன. 19 மாதங்களின் பின், 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதையில் உவமை எது, கூற்று எது என்று தமிழ் வாசகர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நீதிமன்றம் அதைச் சொல்ல மூன்றரை வருடம் எடுத்தது. சட்டம் படிக்கப் போகிற பிள்ளை தமிழ் இலக்கியத்தை உயர்தரத்தோடு மூடி வைத்துவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு வழக்கே போதும். பிரதியை வாசிக்கத் தெரிந்த சட்டத்தரணிகள் நமக்குத் தேவை.

2020 இன் இறுதியில் வெளியான வர்த்தமானி ஒன்று சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வழி செய்தது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த ஒழுங்குவிதிகளை வாக்கெடுப்பில் நிராகரித்தது. அப்போது நடந்த விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆங்கிலம் இல்லாமல் முன்தீர்ப்புகளைத் தேட முடியாது என்பது மெய். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரால் கட்சிக்காரரின் கண்ணீரை வாக்குமூலமாக எழுத முடியாது என்பதும் மெய். எனவே மாணவருக்கு நான் சொல்வது: ஆங்கிலத்தைப் பரீட்சைக்காகப் படியுங்கள் என்பதல்ல, தீர்ப்புகளுக்காகப் படியுங்கள். சிங்களத்தை அரச கரும மொழித் தேர்ச்சிச் சான்றிதழுக்காகப் படிக்காமல் அயலவருக்காகப் படியுங்கள். தமிழை விட்டுவிடாதீர்கள்.

கேட்பதற்கான இன்னொரு பயிற்சி செலவில்லாதது. அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும். யாரும் உள்ளே போய்ப் பின் வாங்கில் அமரலாம். அனுமதி கிடைக்கக் காத்திருக்கும் அந்த நீண்ட மாதங்களில் வாரம் ஒருநாள் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் இருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லுவேன். அன்றிரவே அங்கு கேட்ட ஒரு வழக்கை எடுத்து, மனம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதற்கு எதிர்ப்பக்கத்தின் நியாயத்தை ஒரு தாளில் எழுத வேண்டும். பிடித்த பக்கத்தை எழுதுவது யாருக்கும் வரும்.

*

இரண்டாவதாக, சட்டத்தை வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஏனெனில் ஒரே வாசகம் ஒரு காலத்தில் நீதியாகவும் இன்னொரு காலத்தில் அநீதியாகவும் ஆகிவிடலாம்.

1871 ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு காணியை அதன் உரிமையாளருக்கு எதிரான உரித்தோடு, இடையூறின்றி, தொடர்ச்சியாகப் பத்து வருடம் ஒருவர் ஆண்டுவந்தால் அவருக்கு அதில் உரித்து உண்டாகும். இது கெட்ட சட்டமல்ல. தலைமுறைக் கணக்கில் உறங்கிக் கிடந்த உறுதியைத் தூசு தட்டி எடுத்துவந்து, உழுது பயிரிடுகிறவனை எழுப்பிவிடாமல் தடுப்பது அதன் நோக்கம். உரிமையைக் கோர முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு அச்சட்டம் சலுகையும் கொடுத்தது: பராயமடையாதவர், சித்த சுவாதீனமற்றவர், கடல் கடந்து போயிருப்பவர்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் அதிகமானோர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். உறுதிகளையும் நகைகளையும் விட்டுவிட்டு வந்தவர்கள் புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள். யுத்தம் முடிந்தது 2009 மே மாதத்தில். பத்து வருடம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. சட்டத்தின் எழுத்துப்படி, கடலுக்கு அப்பால் இருந்தவருக்குச் சலுகை உண்டு. கற்பிட்டிக் கடலோரத்தில் அகதியாக இருந்தவருக்கு இல்லை. 1871 இல் அதை எழுதியவர்கள் அநியாயக்காரர்கள் அல்லர். சொந்த நாட்டுக்குள்ளேயே ஒருவர் தன் வளவுக்குப் போக முடியாமல் இருபது வருடம் இருப்பார் என்பது அவர்களின் கற்பனைக்கு எட்டவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே 2016 ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் பயங்கரவாத நடவடிக்கைகளால் நீதிமன்றத்தை நாட முடியாமற் போனவர்களுக்கு எதிராக அக்காலம் கணக்கிடப்படாது என்றது. வழக்கிட இரண்டு வருட அவகாசமும் கொடுத்தது. முகாமில் வளர்ந்த எத்தனை பேருக்கு அந்த இரண்டு வருடத்துக்குள் அச்செய்தி எட்டியது? சட்டம் இயற்றப்படுவது ஒன்று. அது உரியவரின் வாசலுக்கு வந்து சேர்வது இன்னொன்று. இரண்டாவது வேலையைச் செய்யவும் சட்டம் படித்தவர்கள்தான் வேண்டும்.

இங்கும் எதிர்ப்பக்கத்தை எழுதிப் பார்க்கும் பயிற்சி அவசியம். அந்த வீடுகளில் குடியிருந்தவர்களில் பலர் தாமும் குண்டுவீச்சுக்குத் தப்பி இடம்பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பத்தினர். அவர்களும் யாருடைய காணியையும் பறிப்பதற்காக வரவில்லை. உறுதி வைத்திருப்பவருக்குக் காணி திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மற்றக் குடும்பம் எங்கே போகும் என்ற கேள்வியைக் கேட்காத சட்டத்தரணி வழக்கை வெல்லலாம், நீதியைப் பாதியாகத்தான் கொண்டுவருவார்.

*

மூன்றாவது விடயம் நமக்குக் கசப்பானது. அதனால்தான் திட்டத்தில் அதைத் தவறவிடக் கூடாது என்கிறேன்.

மகளுக்குச் சட்டம் கிடைத்த மகிழ்ச்சியோடு வந்த ஒரு தகப்பன், பேச்சின் முடிவில் குரலைத் தாழ்த்தி, "இந்தக் காதி நீதிமன்ற விசயம், சட்டத் திருத்த விசயம் எதிலயும் வாயத் தொறக்காம படிச்சிட்டு வந்தாப் போதும் சேர். நீங்களும் ஒருக்காச் சொல்லுங்க" என்றார். அவருடைய பயம் எனக்கு விளங்கியது. வெளியிலிருந்து நம் மீது கல்லெறிபவர்கள் அதிகரித்திருக்கும் காலத்தில், உள்ளிருந்தும் ஒரு குரல் எழுந்தால் அது அவர்களுக்கு உதவிவிடுமோ என்ற பயம். மகளைச் சமூகம் ஒதுக்கிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரியது. ஆனால் அவர் கேட்டதை என்னால் அந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியவில்லை. "வாயத் தொறக்க முதல் நல்லாப் படிக்கச் சொல்றன் வாப்பா, படிச்ச பிறகு வாய மூடச் சொல்ல எனக்கு உரிமை இல்ல" என்றுதான் பதில் சொன்னேன்.

1951 ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் நமது தனித்துவத்தின் அடையாளம் என்று மேடைகளில் பேசுகிறோம். பேசுகிறவர்களில் அதை வாசித்தவர்கள் எத்தனை பேர்? முஸ்லிம் ஆண் ஒருவரே காதியாக நியமிக்கப்படலாம் என்று அச்சட்டம் வகுத்தது. காதி முன்னிலையில் சட்டத்தரணி தோன்ற முடியாது என்றது. மணமகளின் கையொப்பத்தை அது வேண்டவில்லை. இதே நாட்டின் உயர் நீதிமன்றத்தில் 1996 இல் ஒரு பெண் நீதியரசரானார். 2011 இல் பிரதம நீதியரசராகவும் ஆனார். 'நம்மடவனுக்கும் ஒரு லோயர் வேணும்' என்று சொல்லும் நாம், ஜீவனாம்சத்துக்காகக் காதியின் முன் தனியே நிற்கும் நம்முடைய பெண்ணுக்கு லோயர் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வதில்லை. சட்டத்தரணிகளை அங்கே அனுமதிக்காததற்கு ஒரு நியாயமும் உண்டு. செலவில்லாமல், சிக்கலில்லாமல், விரைவாக வழக்கு முடிய வேண்டும் என்பதே அது. ஆனால் ஒரு பக்கம் பேசப் பழகியவரும் மறுபக்கம் பேசப் பழகாதவருமாக இருந்தால் அந்த எளிமை யாருக்கு உதவும்? ஹாரூனைக் கேட்ட மூஸாவின் தேவை அங்கே இல்லையா?

திருத்தம் எப்படி அமைய வேண்டும் என்பதில் ஆலிம்களும் சட்ட அறிஞர்களும் ஒத்த கருத்துடையவர்களாக இல்லை. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018 இல் அறிக்கை கையளித்தபோது, குழுவே இரண்டு நிலைப்பாடுகளாகப் பிரிந்திருந்தது. ஆகவே மாணவரிடம் முடிவைத் திணிக்க நான் விரும்பவில்லை. சட்டத்தின் மூலத்தை வாசி, இரண்டு நிலைப்பாடுகளையும் வாசி, மத்ஹபுகளின் கருத்து வேறுபாட்டை வாசி என்றுதான் சொல்வேன். வயதுவந்த பெண் வலியின்றித் தன் திருமணத்தை முடித்துக்கொள்வதை ஹனபி மத்ஹப் ஏற்கிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் ஏற்பதில்லை. இருவரும் நம் இமாம்களே. இதைப் படித்த பிள்ளை 'மார்க்கத்தில் இடமில்லை' என்ற வார்த்தையை அவசரப்பட்டுச் சொல்லாது. 'மார்க்கமே தடை' என்றும் சொல்லாது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிப்படுத்துகிறது. 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அதற்கு ஒவ்வாதிருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது. இவ்விரண்டு உறுப்புரைகளுக்கும் இடையில் நம் வீட்டுப் பெண்கள் வாழ்கிறார்கள். சட்டம் படிக்கிற மகள் இதைப் படிக்காமல் தாண்டிப்போக முடியாது.

உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்ற கருத்தை அந்நிஸாவின் 135ஆம் வசனம் சொல்கிறது. ஜும்ஆ மேடைகளில் நாம் அடிக்கடி கேட்பது. அலி (ரழி) அவர்கள் கலீபாவாக இருந்த காலத்துச் சம்பவம் ஒன்றை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர்களின் கவசம் முஸ்லிமல்லாத ஒருவரிடம் இருந்தது. வழக்கு காழி ஷுரைஹிடம் போயிற்று. மகனின் சாட்சியத்தைத் தந்தைக்காக ஏற்க முடியாது என்று காழி கலீபாவுக்கு எதிராகத் தீர்த்தார். யமனுக்குப் போகும்போது மற்றவரையும் கேட்கச் சொல்லிக் கற்ற அதே மனிதர், தாம் தோற்ற தீர்ப்பையும் ஏற்றுக்கொண்டார். நம்மவருக்காக ஒரு லோயர் வேண்டும் என்ற ஆசையை ஷுரைஹின் முன் வைத்துப் பார்த்தால் அதன் குறை தெரிகிறது. நமக்கு வேண்டியது நீதி தெரிந்தவர். அவர் அநேக வேளைகளில் நமக்காகவும், சில வேளைகளில் நமக்கு எதிராகவும் நிற்பார். இரண்டையும் தாங்கிக்கொள்ளும் சமூகத்துக்குத்தான் நல்ல சட்டத்தரணி கிடைப்பார்.

*

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "முதலில் பிள்ளை பாஸ் பண்ணட்டும், ஒழுக்கம் பிறகு" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களின் பேச்சிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நீதிபதிகள் மூவர், ஒருவரே சுவர்க்கத்துக்குரியவர் என்று சொல்லும் ஹதீஸில், உண்மையை அறிந்தே அநீதி செய்தவரோடு அறியாமையில் தீர்ப்பளித்தவரும் நரகத்துக்குரியவராகவே சொல்லப்படுகிறார். அவருக்கு நல்ல மனம் இருந்ததா என்று கேட்கப்படவில்லை. ஆகவே 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தையும், உரோமன் டச்சுச் சட்டத்தின் ஒப்பந்த விதிகளையும், 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தையும் கரைத்துக் குடிப்பது இபாதத்துக்கு ஒப்பான கடமை. தவணையைத் தவறவிட்ட சட்டத்தரணியின் நல்லெண்ணத்தால் கட்சிக்காரருக்கு ஒரு பயனும் இல்லை. நான் மறுப்பது 'பிறகு' என்ற சொல்லை மட்டுமே. சான்றுச் சட்டம் படிக்கும் வருடத்திலேயே, சாட்சியைக் குறுக்கு விசாரணையில் கலங்க வைப்பதற்கும் பொய்யை வெளிக்கொணர்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்காவிட்டால், கை பழகிய பிறகு மனம் பழகாது.

பல்கலைக்கழகம் தரும் பாட ஒழுங்கை நம்மால் மாற்ற முடியாது. அதோடு கூடவே ஓடுகிற ஒரு சொந்த ஒழுங்கை வைத்துக்கொள்ள முடியும். அனுமதிக்கு முந்திய மாதங்களில் மூன்று மொழிகளும் நீதிமன்றத்தின் பின் வாங்கும். முதல் வருடம் அரசியலமைப்போடு இந்நாட்டின் வரலாறு. ஒரு சமூகத்தார் எழுதியதை மட்டும் வாசித்தால் போதாது. இரண்டாம் வருடம் தேசவழமையையும் கண்டியச் சட்டத்தையும் முஸ்லிம் சட்டத்தையும் அருகருகே வைத்து வாசிப்பது. அயலவரின் வழமையை மதிக்கத் தெரிந்தவரே தன் வழமையைக் குறையோடும் நிறையோடும் காண்பார். மூன்றாம் வருடம் காணிச் சட்டமும் சான்றுச் சட்டமும்; விடுமுறையில் ஊருக்கு வரும்போது நாலு பேரின் உறுதியை வாசித்து அர்த்தம் சொல்லிக்கொடுப்பது. நான்காம் வருடம், நமக்கு எதிராகச் சொல்லப்படும் மிகப் பலமான வாதத்தைத் தேடி எடுத்து அதற்கு நேர்மையாகப் பதில் எழுதுவது.

பட்டம் கறுப்புக் கோட்டில்தான் முடிய வேண்டும் என்பதும் இல்லை. இமாம் அபூஹனீபா (ரஹ்) காழிப் பதவியை மறுத்துச் சிறை சென்றார்கள். அவர்களின் மாணவர் அபூயூஸுப் (ரஹ்) அதே பதவியை ஏற்று, ஹாரூன் அர்ரஷீதுக்கு அரசிறை பற்றி நூல் எழுதி அறிவுரை சொன்னார்கள். ஒரே பள்ளியில் வந்த இரண்டு தெரிவுகள். இரண்டும் மனச்சாட்சியின் தெரிவுகளே. கண்டியில் பிறக்கிராசியாக இருந்த நம் அறிஞர் சித்தி லெப்பை, 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885 இல் அசன்பேயின் கதையை எழுதினார். தொழிலை விட்டுப் பாடசாலைகளுக்காக அலைந்தார். சட்டம் படித்த ஒருவரால்தான் ஒரு சமூகம் எழுதவும் வாசிக்கவும் தெரியாமல் கைநாட்டு வைப்பதன் விலை என்ன என்பதை அவ்வளவு தெளிவாகக் கண்டிருக்க முடியும்.

தொழிலுக்கே போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. 1978 ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, பணமில்லாதவர்களுக்காகவே அமைக்கப்பட்டது. முதல் வருமானம் வருவதற்கு முன்பே, மாதத்தில் எத்தனை வழக்கை அப்படிப் பணமின்றிப் பேசுவேன் என்று ஓர் எண்ணைத் தீர்மானித்துத் திட்டத்தின் கடைசி வரியாக எழுதிக்கொள்ளட்டும். அந்த எண் ஒன்றாக இருந்தாலும் போதும். அந்த ஒரு வழக்கில் வருகிறவர் நம்மவரா, மற்றவரா என்பதை அந்த வரியில் குறிப்பிடத் தேவையில்லை.